மூக்குப்பேணி கண்ணாடிப் பெட்டிக்குள், சிரட்டை எங்கே? யாழ்ப்பாணத்து அன்றாட வாழ்வும் அருங்காட்சியகங்களும்

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதியால் தென்மராட்சிக்குள் நுழைபவர்கள் கடல்நீரேரிப் பாலத்தைத் தாண்டியதும் நாவற்குழியை அடைகிறார்கள். அங்கேதான் சிவபூமி அறக்கட்டளையின் அரும்பொருட் காட்சியகம் இருக்கிறது. சமயச் சொற்பொழிவாளரும் தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத் தலைவருமான ஆறு. திருமுருகனின் முயற்சியால் உருவான இக்காட்சியகம் 2020 ஜனவரியில் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தவரின் வீடுகளிலும் வளவுகளிலும் புழங்கிய பழம் பொருட்களை ஒரே கூரையின்கீழ் பார்க்க விரும்பும் பாடசாலை மாணவர்களும் விடுமுறைக்கு வரும் புலம்பெயர் குடும்பங்களும் அங்கு செல்கின்றனர்.

இடத்தின் பொருத்தம் கவனிக்கத்தக்கது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளியேறியபோது, செம்மணியூடாக வந்தவர்கள் கடந்தது இந்த நாவற்குழிப் பாலத்தைத்தான். மழையில், நெரிசலில், சைக்கிளிலும் தலையிலும் கொள்ளக்கூடியதை மட்டுமே எடுத்துக்கொண்டு வந்தார்கள். அடையாள அட்டை, காணி உறுதி, நகை, இரண்டு மாற்றுடுப்பு, ஒரு சமையல் பானை. உரல், அம்மி, ஆட்டுக்கல், பித்தளை அண்டா, அப்பு இருந்த சாய்மனைக் கதிரை எல்லாம் பின்னால் நின்றன. அதே பாதையோரத்தில் இன்று அந்த வகைப் பொருட்களுக்கென ஒரு காட்சியகம் நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பாவனைப் பொருட்களைச் சேமிப்பது பழையவற்றின் மீதான ஏக்கம் மட்டுமல்ல. இங்கே பொருட்கள் தேய்ந்து, உடைந்து, காலாவதியாகி மறையவில்லை. பெரும்பகுதி, உரியவர்கள் இல்லாத வீடுகளில் திடீரென மறைந்தது. ஆகவே எஞ்சியதை எப்படிச் சேமிக்கிறோம், எதைச் சேமிக்காமல் விடுகிறோம் என்பவை சற்றுக் கவனமாகக் கேட்கவேண்டிய கேள்விகள்.

சட்டத்தின் கண்ணில் படாத பொருட்கள்

நாவலர் வீதியில் தொல்பொருள் அருங்காட்சியகம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கந்தரோடை அகழ்வுகளில் கிடைத்தவை உட்பட நீண்ட காலப் பழமையுள்ள பொருட்கள் அங்கே உள்ளன. பின் ஏன் தனியார் ஒருவர் உரலையும் கடகத்தையும் சேர்க்கவேண்டும்?

காரணம் எளிது. இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இல் உருவானபோது, தொல்பொருள் எது என்பதற்கு 1815 மார்ச் 2 என்ற நாளை எல்லையாக வைத்தது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. யாழ்ப்பாண இராச்சியம் அதற்கு இரு நூற்றாண்டுகள் முன்பே, 1619இல், போர்த்துக்கேயரிடம் வீழ்ந்துவிட்டது. இந்த நாளுக்கு யாழ்ப்பாண வாழ்வோடு தனிப்பட்ட தொடர்பு எதுவும் இல்லை. எப்படியிருந்தாலும், 1960இல் இழைத்த பெட்டியோ 1940இல் செய்த மாட்டுவண்டியோ அந்தச் சட்டம் தேடும் பொருட்கள் அல்ல. அவை குடும்பங்களின் பொறுப்பு. குடும்பங்கள் இடம்பெயர்ந்தால் யாருடைய பொறுப்பும் அல்ல.

உலகில் நாட்டார் வாழ்வியல் அருங்காட்சியகங்கள் தோன்றிய காரணமும் இந்த இடைவெளிதான். சுவீடனில் கைத்தொழில்மயமாதல் கிராமங்களை வேகமாக மாற்றிக்கொண்டிருந்தபோது, ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் பழைய கிராம வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தி, 1891இல் ஸ்டொக்ஹோமில் 'ஸ்கான்சன்' என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவும் ஏறக்குறைய இதே முறையைப் பின்பற்றியது. தென்னிந்திய வீடுகள் பல அங்கே பெயர்த்து நிறுத்தப்பட்டுள்ளன. இலங்கையின் தெற்கில், கொக்கலையில், எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் வீட்டை ஒட்டி 1981இல் நாட்டார் பண்பாட்டு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சிங்களக் கிராம வாழ்வின் கருவிகளைப் பார்க்க இன்றும் பலர் போகும் இடம் அது.

இவற்றுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கெல்லாம் நவீனம் மெல்ல வந்து பழையதைத் தள்ளியது. சேகரிப்பவருக்கு வீடு வீடாகப் போய்க் கேட்க நேரம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கின் பல கிராமங்கள் 1990 தொடக்கம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. மயிலிட்டி போன்ற இடங்களுக்கு உரியவர்கள் திரும்பியபோது கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது. பலருக்குக் கூரை, கதவு, நிலை எதுவும் எஞ்சவில்லை. சிலருக்குத் தம் கிணறு மட்டுமே காணியின் அடையாளமாக இருந்தது.

கிணற்றோடு சேர்ந்த ஒரு மரம்

கிணற்றிலிருந்தே தொடங்கலாம். ஒரு பொருளைச் சேமிப்பதற்கும் அதை விளங்கவைப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைத் துலா நன்றாகக் காட்டும்.

துலாவை இளையவர்கள் பலர் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். இரண்டு ஆடுகால்களுக்கு நடுவே கிடையாகப் பூட்டிய நீண்ட மரம். முன்முனையிலிருந்து தொங்கும் கயிறு, அதன் நுனியில் பனையோலையால் செய்த பட்டை. வீட்டுக் கிணற்றில் ஒருவர் நின்று இழுத்தாலே போதும். தோட்டக் கிணற்றில் அது வேறு வேலை. ஒருவர் அல்லது இருவர் துலாவின் மேலேறி முன்னும் பின்னும் நடப்பார்கள். முன்னே நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும், பின்னே நடந்தால் நீரோடு மேலே வரும். கிணற்று வாயில் நிற்பவர் அதை வாங்கி வாய்க்காலில் கவிழ்ப்பார். தோட்டத்துக்குள் இன்னொருவர், பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ, பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றி விடுவார். வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டும் என்பதால் விடியற்புறமே இறைப்புத் தொடங்கும்.

இதற்குப் பின்னால் குடாநாட்டின் நிலவியலே இருக்கிறது. வருடம் முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. வழுக்கியாறும் மழைக்காலத்து ஓடைதான். மழைநீர் சுண்ணாம்புக்கல் பாறையின் இடுக்குகளில் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். மனிதக் கால்களின் வலிமையால் இறைக்கும் துலாவால் ஒரு நாளில் எடுக்கக்கூடிய நீருக்கு எல்லை இருந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் அந்த எல்லை இல்லாமல் போனது. நிலத்தடி நீர் குறித்து இன்று நாம் கவலைப்படுவதன் ஒரு பகுதி இந்த மாற்றத்தோடு சேர்ந்தது.

கிணறு சட்டத்திலும் இருக்கிறது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையின்படி சொத்துப் பிரிந்து வந்த குடும்பங்களின் பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். காணியின் எல்லைகளோடு, கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரிமை என்ற வாசகங்கள் வரும். ஒரே கிணற்றில் பல பங்காளிகள். யாருக்கு எந்த நாள் இறைப்பு என்ற முறை. முறை தவறினால் சண்டை, சில சமயம் வழக்கு.

ஆக, ஒரு காட்சிக்கூடத்தில் துலாவை நிறுத்தி 'துலா' என்று பெயர் எழுதிவிட்டால் இவ்வளவும் வெளியே நின்றுவிடும். பாறை, நீர், உழைப்பு, பங்கு, வழக்கு ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்த மரம் ஒரு வாழ்க்கை முறையைப் பற்றிப் பேசுகிறது.

ஓலை நிலைக்காது

யாழ்ப்பாணத்து வீட்டுப் பொருட்களில் பெரும்பங்கு பனையிலிருந்து வந்தது. கடகம், பெட்டி, சுளகு, பாய், தடுக்கு, உமல், நீற்றுப்பெட்டி, வெற்றிலையும் சில்லறையும் வைக்கும் கொட்டப்பெட்டி, கூழ் குடிக்கும் பிளா, பனங்கட்டி வார்க்கும் குட்டான் என்று பட்டியல் நீளும். பித்தளையும் கல்லும் நூறாண்டு தாங்கும். ஓலை தாங்காது. ஈரப்பதமும் பூச்சியும் பூஞ்சணமும் அதைத் தின்றுவிடும். வீட்டில் பாவிக்கும்போது இது ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை. பழையது அடுப்புக்குப் போகும், புதியது இழைக்கப்படும்.

அருங்காட்சியகத்துக்கு இது பெரிய சிக்கல். ஒரு நீற்றுப்பெட்டியை எவ்வளவு கவனமாக வைத்தாலும் அதற்கு ஒரு ஆயுள் இருக்கிறது. மேலே விரிந்து கீழே ஒடுங்கிய அந்தக் கூம்பு வடிவப் பெட்டிக்குள் பிட்டு மாவை இட்டு, கொதிக்கும் பானையின் வாயில் பொருத்துவார்கள். ஆவி ஓலையினூடாக ஏறும்போது மாவில் ஒரு வாசம் சேரும். அலுமினியப் பாத்திரத்தில் அவித்த பிட்டில் அந்த வாசம் வராது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் கண்ணாடிக்குள் இருக்கும் பெட்டி அந்த வாசத்தைச் சொல்லாது.

எனவே ஓலைப் பொருளைப் பாதுகாக்கும் வழி, அதைச் செய்யத் தெரிந்தவர்களைப் பாதுகாப்பதுதான். சார்வோலையை எப்போது வெட்டுவது, எவ்வளவு காயவிடுவது, எந்த அகலத்தில் வார்வது, கடகத்தின் விளிம்பை நார் கொண்டு எப்படிப் பொத்துவது என்பவை கையில் இருக்கும் அறிவு. எழுத்தில் பாதிதான் வரும். மிகுதியை அருகில் இருந்து பார்த்துத்தான் பழகவேண்டும். 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனைசார் கைப்பணிகளுக்குப் பயிற்சியும் சந்தையும் ஏற்படுத்த முயன்று வருகிறது. ஆனால் சந்தைக்கு விற்பனையாவது பெரும்பாலும் கைப்பை, அலங்காரப் பெட்டி, பரிசுப் பொருள். நீற்றுப்பெட்டிக்கும் உமலுக்கும் வாங்குவோர் குறைவு. சந்தை விடும் இடத்தைத்தான் அருங்காட்சியகம் பிடிக்கவேண்டும். மாதத்துக்கு ஒருமுறை இழைக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, கூலி கொடுத்து, பிள்ளைகள் முன் இழைக்கச் செய்தால் அந்தக் கூடத்தில் எப்போதும் புதிய பெட்டி ஒன்று இருக்கும். அதை இழைக்கத் தெரிந்த ஒரு கையும் இருக்கும்.

யாருடைய அன்றாடம்?

யாழ்ப்பாணத்து மரபுப் பொருட்கள் என்று எங்கே காட்சி வைத்தாலும் மூக்குப்பேணிக்கு ஓர் இடம் உண்டு. பக்கத்தில் சிறு குழல் நீட்டிய பித்தளைப் பேணி. உதடு படாமல், அண்ணாந்து வாயில் ஊற்றிக் குடிப்பதற்கு ஏற்ற வடிவம். அதன் அழகையும் சுகாதாரத்தையும் பாராட்டி எழுதியவர்கள் பலர். எச்சில் படாது என்பது உண்மைதான்.

ஆனால் எச்சில், துடக்கு என்ற எண்ணங்கள் யாழ்ப்பாணச் சமூகத்தில் சுகாதாரத்தோடு நின்றவை அல்ல. அதே காலத்தில், அதே வளவில், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவருக்குத் தண்ணீரோ தேநீரோ கொடுக்கப்பட்டது சிரட்டையில். தேநீர்க் கடைகளில் அவர்களுக்கென்று தனிப் போத்தலும் தனிப் பேணியும் இருந்தன. குடிநீர்க் கிணற்றில் அவர்கள் துலாவைத் தொட முடியாது. யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை காத்திருக்கவேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பின்பும் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடத்தவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் தம் எழுத்தில் கொண்டுவந்த யாழ்ப்பாணம் இது.

மூக்குப்பேணி வெண்கலப் பளபளப்போடு கண்ணாடிக்குள் வந்துவிட்டது. சிரட்டையை யாரும் சேமித்து வைக்கவில்லை. அது குப்பையில் போகும் பொருள். அதோடு, சேகரிக்கும் வசதி உள்ள வீடுகளில் அதை நினைவுகூர விருப்பமும் இருக்கவில்லை. பித்தளை, தேக்கு, நாற்சார் வீடு, சங்கடப்படலை ஆகியவை மட்டும் மரபாகிவிட்டால், யாழ்ப்பாணத்தில் எல்லோரும் நாற்சார் வீட்டில் வாழ்ந்தார்கள் என்று ஒரு பிள்ளை நினைத்துவிடும். பெரும்பாலானோர் மண் சுவர், கிடுகுக் கூரை, செத்தை மறைப்புக்குள் வாழ்ந்தவர்கள்.

சீவல் தொழிலின் கருவிகளையும் இங்கு சேர்த்துப் பார்க்கலாம். காலில் மாட்டும் தளநார், பாளைக்கத்தி, முட்டி. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்குவது கருப்பணி, அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. தடவாத முட்டியில் இறங்குவது கள். நாளும் பல மரம் ஏறி இறங்கும் அந்த உழைப்பில், விழுந்து இறந்தவர்களும் இடுப்பு முறிந்து படுத்தவர்களும் இருக்கிறார்கள். பனை கற்பகதரு என்று எழுதும் பலகைக்குப் பக்கத்தில் தளநாரும் அதை மாட்டியவரின் வாழ்க்கையும் இடம்பெறவேண்டும்.

இன்னொரு வெற்றிடமும் உண்டு. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். தம் பொருட்களைக் கொண்டுசெல்ல அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர்களுடைய கடைகளிலும் வீடுகளிலும் இருந்த தையல் இயந்திரமும் தராசும் சமையல் சட்டியும் யாழ்ப்பாணத்து அன்றாடப் பொருட்களே. வலிகாமத்தவர் அதே திகதியில் ஐந்து வருடம் கழித்து வெளியேறினார்கள். ஒரு நகரத்தின் வீட்டுப் பொருட்களைப் பற்றிய எந்தக் கதையிலும் இந்த இரண்டு ஒக்டோபர் 30களும் இருக்கவேண்டும்.

ஜாம் போத்தலும் மரபுதான்

மரபு என்றால் பொதுவாக மின்சாரத்துக்கு முந்திய காலம் என்று எடுத்துக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்துக்கு மின்சாரத்துக்குப் பிந்திய ஓர் இருட்டுக் காலமும் இருந்தது. 1990 தொடக்கம் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் பற்றரியும் சவர்க்காரமும் அரிதாகின. அப்போது மக்கள் கண்டுபிடித்தவை ஒரு தனி அருங்காட்சியகத்துக்குப் போதுமானவை.

வெற்று ஜாம் போத்தலின் அடியில் சிறிதளவு மண்ணெண்ணெய், அதில் ஊறும் பஞ்சு, மெல்லிய திரி. போத்தலின் கண்ணாடியே காற்றுத் தடுப்பு. அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சில துளி பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் வீதியில் புகை கக்கின. சவர்க்காரம் இல்லாத வீட்டில் பனம்பழம் உடுப்புத் தோய்க்க மீண்டும் வந்தது. பனங்குற்றிகள் பங்கருக்குக் கூரையாகின. பின்னர் 2009இல் வன்னியில் சேலைகள் மண்மூட்டைகளாகத் தைக்கப்பட்டன.

இந்தப் பொருட்களின் முக்கியத்துவத்தைக் கலைஞர்கள் முதலில் உணர்ந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், 2004இல் யாழ். பொது நூலகத்தில் நடந்த காட்சியில், நகர மக்களின் வீடுகளிலிருந்து பெற்ற சாதாரணப் பொருட்களைக் கொண்டே ஒரு படைப்பை அமைத்தார். 1981இல் எரிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டிருந்த கட்டடம் அது. 2011இல் வெளியான அவருடைய 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூலில், இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீடுகளின் தரைப்படங்களை நினைவிலிருந்து வரைந்திருக்கிறார்கள். அவரவர் சொன்ன கதையும் கூடவே இருக்கிறது. தோம்பு என்பது காணிப் பதிவேடு. அரசின் பதிவேட்டில் இல்லாத அடுப்படியும் மாமரமும் கிணற்றடியும் அந்தப் பக்கங்களில் பதிவாகின. பொருள் இல்லாதபோதும் அதைப் பற்றிய நினைவை ஆவணமாக்கலாம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஒரு பொருளோடு சேர்த்துக் கேட்கவேண்டியவை

துலா மிதித்தவர்களும், நீற்றுப்பெட்டி இழைத்தவர்களும், சிரட்டையில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்களும் இன்று பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். பொருட்கள் இன்னும் சில பத்தாண்டுகள் இருக்கக்கூடும். அவற்றை விளக்கக்கூடியவர்களுக்கு அவ்வளவு காலம் இல்லை. முதலில் பதிவுசெய்யவேண்டியது அவர்களின் பேச்சை.

அதற்குக் கட்டடம் தேவையில்லை. ஒரு கைத்தொலைபேசி போதும். பாடசாலையின் வரலாற்றுப் பாடத்தில் ஒரு செயல்திட்டமாகவே இதைச் செய்யலாம். வீட்டில் எஞ்சியிருக்கும் ஏதாவது ஒரு பழைய பொருளை எடுத்துக்கொண்டு, அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்கக்கூடிய கேள்விகள் சில:

- இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? பக்கத்து ஊரில் வேறு பெயர் இருந்ததா?
- யார் செய்தார்கள்? அவருக்குக் காசு கொடுத்தீர்களா, நெல் கொடுத்தீர்களா?
- வீட்டில் யார் பாவித்தார்கள்? யார் தொடக்கூடாது என்று இருந்தது?
- எப்போது பாவிப்பதை விட்டீர்கள்? அதற்குப் பதிலாக என்ன வந்தது?
- இடம்பெயர்ந்தபோது இது எங்கே இருந்தது? எப்படித் திரும்பக் கிடைத்தது?

மூன்றாவது கேள்விக்குச் சிலர் பதில் சொல்லத் தயங்கலாம். தயக்கத்தையும் குறித்துக்கொள்ளலாம். ஐந்தாவதற்குப் பலர் நீண்ட நேரம் பேசுவார்கள்.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து, எவரும் இலவசமாகப் படிக்க வழி செய்திருக்கிறது. தனிநபர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்தால் ஒரு சமூகத்தின் எழுத்தை மீட்கலாம் என்பதை அது காட்டியது. வீட்டுப் பொருட்களுக்கும் அவற்றின் குரல்களுக்கும் அதே அளவு உழைப்பு தேவைப்படுகிறது. நாவற்குழிக் காட்சியகம் போன்ற இடங்களுக்கு ஒரு பொருளைக் கொடுப்பவர்கள், அதைப் பாவித்தவரின் பத்து நிமிடப் பேச்சையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது. வாங்கிக்கொள்பவர்கள் அதைக் கேட்டு வாங்கவும் வேண்டும். கொடுப்பவரின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில், செய்தவரின் பெயருக்கும் ஒரு வரி விடவேண்டும். பெரும்பாலான பொருட்களுக்கு அந்த வரி இன்று வெறுமையாகத்தான் இருக்கும். சிலவற்றுக்காவது இப்போது கேட்டால் நிரப்பலாம்.